‘ரெண்டுதான்’ என்ற பதிலை நம்பாத மருத்துவருக்கு

மழலையர் வலி தணித்த மயக்கவியல் மாமணியே! ஊசி முனைக்கு அஞ்சி ஒடுங்கிய பிள்ளைகளுக்கு உற்ற துணையாய் நின்றவரே! தில்லைநகரில் நம் மருத்துவமனையின் மாடி வார்டில் கால் நூற்றாண்டுக்கு மேலாக அழுகுரல்களின் நடுவே வாழ்ந்து இன்று விடைபெறும் மருத்துவர் பேட்ரிசியா அவர்களே! வணங்குகிறோம்.

பாராட்டு மடலில் சொல்லை அடுக்க வேண்டும்; அறிவோம். ஆனால் நேற்றுப் பகல் முழுவதும் தீக்காயப் பிள்ளைகளுக்குக் கட்டு மாற்றிய கைகள் இதை எழுதுகின்றன. அடுக்கத் தெம்பில்லை. ஆகவே ஹம்ஸாவைப் பற்றி மட்டும் சொல்கிறோம். பெயரைச் சொல்லலாம் என்று இசைந்த அவள் தந்தை சௌரிராஜன் அவர்கள் இதே அரங்கில் அமர்ந்திருக்கிறார்.

திருவரங்கத்துப் பெண், பதினைந்து வயது, தாயை இழந்தவள். தொடை எலும்பில் வளர்ந்த புற்றுக்கட்டியை அகற்றி உலோகத் தண்டு பொருத்தியிருந்தார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்கும்போதெல்லாம், “ரெண்டுதான்” என்பாள். இரண்டுக்கு உரிய மருந்தையே கொடுத்தோம். முழங்காலை மடக்க மட்டும் அவள் இசையவில்லை. மடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும். பிறகு நடப்பது கடினம். பயிற்சி கொடுக்க வந்த நம் பெனடிக்ட் நாள்தோறும் முகம் வாடித் திரும்பினார்.

“எங்க ஹம்ஸா ரொம்பப் பொறுமை டாக்டர். வலிக்கறதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை” என்றார் தந்தை, பெருமையோடு.

தாங்களோ, செவிலியர் லூர்துராணி கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியபோது அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தந்தையைக் காபி குடிக்க அனுப்பினீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்தீர்கள்.

“அப்பா இங்க இல்ல. இப்ப சொல்லும்மா.”

“ஒம்போது,” என்றாள். “மடக்கினா பத்து.”

“அப்புறம் ஏன் ரெண்டுன்னு சொன்னே?”

“வலிக்கறதுன்னா அப்பா பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுண்டு அழறார். எனக்குக் கேக்கறது டாக்டர். அம்மா போனப்பவும் அப்படித்தான் அழுதார்.”

“அப்பாவைப் பாத்துக்க நாங்க இத்தனை பேர் இருக்கோம். உன் வலியைச் சொல்ல நீ ஒருத்திதான் இருக்கே.”

அன்று அவள் வாய்விட்டு அழுததை லூர்துராணி இன்னும் மறக்கவில்லை.

வெளியே வந்து சௌரிராஜனிடம் சொன்னீர்கள்: “இனிமே யாரும் இவளைப் பொறுமைசாலின்னு புகழ வேணாம் சார். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இவளால வலிக்குதுன்னு சொல்ல முடியல.”

அவர் கேட்டார்: “மார்ஃபின் குடுத்தா பழகிடும்னு எல்லாரும் சொல்றாளே?”

“அளவு பார்த்துக் குடுப்போம். வலி குறையக் குறைய நாங்களே குறைச்சு நிறுத்துவோம். நான் பக்கத்துலயே இருக்கேன் சார்.”

இருந்தீர்கள். காலின் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியைத் தாங்களே போட்டீர்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகே பயிற்சி என்று பெனடிக்டின் நேரத்தை மாற்றினீர்கள். முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. ஒருநாள் காலை, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடிவரை நடந்து போனாள். தந்தை பின்னாலேயே கைகளை நீட்டியபடி போனார்.

மறு ஆண்டு நோய் நுரையீரலுக்குப் பரவியது. நம்மால் காப்பாற்ற முடியவில்லை. கடைசி வாரங்களை அவள் வீட்டிலேயே கழித்தாள். “அப்பா, இன்னிக்கு ஏழு” என்று அவரிடமே சொன்னாள். “அவ எதிர்லயே அழுதுண்டு மருந்து குடுத்தேன் டாக்டர். என் கண்ணை அவதான் துடைச்சு விட்டா” என்று அவர் வந்து சொன்னபோது, தாங்கள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றீர்கள்.

அயர்வறியாத அன்னையே என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டோம். அயர்ந்துதான் இருந்தீர்கள். ‘சின்னப் பிள்ளைக்கு என்ன பெரிய வலி’ என்று கேட்ட ஒவ்வொரு புது மருத்துவருக்கும் முதலிலிருந்து விளக்கிச் சொல்லிச் சொல்லித் தங்கள் குரல் தேய்ந்ததை நாங்கள் அறிவோம். அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. இனி அதற்கு நாங்கள் பதில் சொல்லிக்கொள்கிறோம். எங்களுக்கும் களைப்புத்தான், ஆனாலும் சொல்கிறோம்.

நோயின்றி, நோவின்றி, நெடுங்காலம் தாங்கள் நலமுடன் திகழ நெஞ்சார வேண்டுகிறோம். அதற்கு முன், அம்மா, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குங்கள். வார்டிலிருந்து யாரும் கூப்பிட மாட்டோம். எழுந்திருக்கத் தோன்றும்போது எழுந்திருங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
குழந்தைகள் வலி தணிப்புப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள்
தில்லைநகர், திருச்சிராப்பள்ளி