யானையைக் கொன்ற எலி

"உங்க யானையை என் எலி கொன்னுடுத்து!"

லோக்கல் ரயில் மாட்டுங்கா ஸ்டேஷனைத் தாண்டியதும் எதிர் சீட்டுப் பெண் கத்தினாள். அவளும் கணவரும் மடியில் பையை வைத்து, அதன் மேல் விலங்குப் படம் போட்ட கார்டுகளைப் பரப்பி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"யானைன்னா முதல்ல மிதிச்சுது?"

"முதல்ல, அப்புறம்னெல்லாம் கிடையாது. ரெண்டு அடியும் ஒரே நேரத்துல விழும். எலிக்கு விஷப்பல், பட்டாலே சாவு."

"அப்போ எலியும் செத்துடுத்தோல்லியோ!"

"செத்துடுத்து. இனிமே உங்களைக் காப்பாத்த யாரு இருக்கா?"

"யாருமில்லை."

"எனக்குக் கொசு இருக்கு. இப்ப என் முறை. கடிக்கறேன்."

"ஒரு கடிதானே, போடி!"

"உங்களுக்கு மிச்சம் இருந்ததே ஒரு உயிர்தான்! தோத்துட்டேள்!"

குர்லா வந்தது.

"உங்க ஆபீஸ் ஸ்டேஷன்," என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு ஆட்டம். இந்தத் தடவை கொசு எனக்கு."