நான் அனுமதி கொடுக்காத பேனர்கள்

டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் மெதுவாகவே சொல்கிறேன், ஏட்டு புகழேந்தி எழுதிக்கொள்ளட்டும். டாக்டர் கையெழுத்து மருந்துக் கடைக்காரனுக்கு மட்டும்தான் புரியும் என்பார்கள். இவர் எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

பெயர் சக்கரபாணி. பொது மருத்துவம் படித்தவன். திண்டிவனத்தில் சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருக்கிறேன். பெருமுக்கல் முருகையனின் மனைவி ராஜாமணி, பாம்புக்கடிக்கு என்னிடம் வந்து எப்படி இறந்தார் என்பதுதானே உங்கள் கேள்வி? கட்டாயம் சொல்கிறேன். ஆனால் அது புரிய வேண்டுமென்றால், டாக்டர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்ற விதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடி போடலாம். நகைக்கடைக்காரர் செய்கூலி இல்லை என்று ரோட்டை மறித்துத் தட்டி வைக்கலாம். டாக்டர் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பெயர்ப்பலகை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது. நான் குணப்படுத்தியவர்களைப் பாருங்கள் என்று பெருமை பேசக் கூடாது, பேசவிடவும் கூடாது. நல்ல விதிதான். விழுப்புரத்தில் தமிழ்மணி என்று ஒரு டாக்டர் இருக்கிறார். அவர் ஆடி மாதம் முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி என்று நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்து அனுப்பினார். நான்தான் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதினேன். பொறாமையால் எழுதினேன் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். தொழிலுக்கு ஒரு மானம் வேண்டாமா? எனக்கு வந்தது கோபம், பொறாமை இல்லை.

விதி சில சலுகைகளையும் கொடுத்திருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்கினால் பத்திரிகையில் அறிவிக்கலாம். இடம் மாறினால் அறிவிக்கலாம். வெளியூர் போனால் அறிவிக்கலாம், திரும்பி வந்தாலும் அறிவிக்கலாம். ஆகவே நான் அடிக்கடி வெளியூர் போனேன். வளவனூரில் மாமனார் வீடு இருக்கிறது. போய் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு வருவேன். 'டாக்டர் சக்கரபாணி திரும்பிவிட்டார், வழக்கம்போல் நோயாளிகளைப் பார்ப்பார்' என்று பத்திரிகையில் வரும். சிங்கப்பூர் போய்ப் பெரிய படிப்புப் படித்துவிட்டு வருகிறார் என்று திண்டிவனத்தில் பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் மாமியார் வீட்டுச் சோற்றுக்கு ஒரு எல்லை இருக்கிறது. மனைவி கவிதாவே, "இன்னாங்க, எங்கப்பா வீடு ஒங்களுக்கு லாட்ஜா?" என்று கேட்டுவிட்டாள்.

அப்போதுதான் முருகையன் வந்து சேர்ந்தார். வந்தார் என்று சொல்வது தப்பு, தூக்கிக்கொண்டு வந்தார்கள். மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிக்குள், நாகப்பாம்பு கடித்திருக்கிறது. உறவுக்காரர்கள் முதலில் மந்திரிப்பவரிடம் கொண்டுபோய் வேப்பிலை அடித்து, பிறகு பச்சிலை கொடுத்து, கண் மூடி மூச்சும் அடங்குகிற நேரத்தில் என் வாசலில் இறக்கினார்கள். மனைவி ராஜாமணி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மாமன், மச்சான், பங்காளி என்று ஒரு கூட்டமே அழுதது. தொண்டையில் குழாய் போட்டு, மெஷின் வைத்து மூச்சு கொடுத்து, விஷமுறிவு மருந்தை ஏற்றினேன். மறுநாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

அந்தச் சமயம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கண் திறந்தபோது எனக்கும் கண் கலங்கியது.

ஒரு வாரத்தில் பெருமுக்கல் கூட்டுரோட்டில் பேனர் ஏறியது. நடுவில் முருகையன் மாலையோடு நிற்கிறார், பக்கத்தில் என் படம், தலைக்குப் பின்னால் சூரிய வட்டம். 'எமனை விரட்டிய எங்கள் குலசாமியே, நன்றி! பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போகாதீர், நேராக நம் டாக்டரிடம் வாரீர்' என்று எழுதியிருந்தது. கீழே சொந்தபந்தங்களின் தலைகள் வரிசையாக. நம் ஊரில் காதுகுத்துக்கும் பேனர், சாவுக்கும் பேனர். பிழைத்ததற்கு வைத்தால் என்ன தப்பு?

குணமான கதையை டாக்டர் வெளியிட அனுமதிக்கக் கூடாது என்பது விதி. அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நான் அனுமதிக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. கேட்காதவனுக்கு எப்படி அனுமதி கொடுப்பது? அந்தப் பேனரை அடித்தவர் சிக்கந்தர் பாட்சா. கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் போர்டு எழுதிவிட்டு வந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளெக்ஸ் கடை போட்டிருக்கிறார். அடுத்த தடவை அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதே தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"பாய், என் படத்தைப் போட என்னிடம் எப்போதும் அனுமதி கேட்கக் கூடாது."

"கேக்கலை சார். ஆனா ஒரே பேஜாரு. இங்க மாட்டி வெச்சிருக்கிற ஒங்க போட்டோவ செல்லுல எடுத்தா, கண்ணாடி மின்னி மூஞ்சியே தெரியமாட்டேங்குது."

போட்டோவை வெளிச்சம் சரியாகப் படுகிற சுவருக்கு மாற்றினேன், கண்ணாடியையும் எடுத்துவிட்டேன். சொந்தச் சுவரில் சொந்தப் போட்டோவை மாட்ட யாருடைய விதியும் குறுக்கே வராது.

ஆஸ்பத்திரியில் கூட்டம் அலைமோதியது. பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னது உண்மை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த பேனர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தேன். பேனரைப் பார்த்துவிட்டு எல்லோரும் கடித்த உடனேயே வர ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணிமை லேசாக இறங்கும்போதே மருந்தை ஏற்றிவிடுவேன். கேப்பைக் கூழ் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நன்றியா? ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. சின்னதுரை என்று ஒரு லாரி டிரைவர், "தண்ணிப் பாம்பு கடிச்சதுக்கு இந்த டாக்டரு இஸ்து வெச்சி ஊசி போட்டுட்டாருப்பா" என்று டீக்கடையில் சிரித்தாராம். அவரைக் கடித்தது கட்டுவிரியன். எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. சரியான நேரத்தில் வைத்தியம் பார்த்தால் அது வைத்தியம் என்றே யாருக்கும் தெரிவதில்லை.

அழுகை வந்த பிறகுதான் மருந்துக்கு மதிப்பு. இது என் கண்டுபிடிப்பு இல்லை, ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அதற்குப் பிறகு வருகிறவர்களை அப்சர்வேஷனில் வைக்கத் தொடங்கினேன். அந்தச் சொல்லுக்கு எதிர்க்கேள்வி கிடையாது. மண்டகப்பட்டிலிருந்து சங்கவி என்று ஒரு கல்லூரிப் பெண் டெங்குக் காய்ச்சலோடு வந்தது. அப்சர்வேஷன். நாடி விழுந்து கைகால் சில்லிட்டு, பெற்றவர்கள் வந்து காலில் விழும்வரை அப்சர்வேஷன். பிறகு முழுமூச்சாக வேலை செய்தேன், பிழைத்துக்கொண்டது. கூடப் படிக்கிற பிள்ளைகள் பேனர் வைத்தார்கள். வளவனூர்க் கரும்புக்காரர் ஒருவர் நெஞ்சுவலி என்று வந்தார், அவருக்கும் அப்படித்தான். எல்லோரையும் பிழைக்க வைத்தேன். என் கைராசி மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. அவர்களைக் கொஞ்சம் பள்ளத்தில் இறங்கவிட்டுத் தூக்கினேன், அவ்வளவுதான்.

என் நர்ஸ் கலைமதிக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள், "சார், மருந்து இருக்குதுல்ல. ஏன் சார் பார்த்துக்கினே இருக்கோம்?" என்றாள். அவசரப்படுகிறவள் என்று மருந்து அலமாரிச் சாவியை அன்றிலிருந்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இனி ராஜாமணி.

தீபாவளி விடுமுறையின் கடைசி நாள். மல்லாட்டை பிடுங்குகிற சமயம். கொடியைப் பிடித்து இழுத்த கையில் நாகப்பாம்பு கடித்துவிட்டது. முருகையன் ஒரு நிமிஷத்தையும் வீணாக்காமல் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மா நடந்துதான் உள்ளே வந்தார், கையில் மண்கூடக் காயவில்லை.

"ஒன்னுமில்ல சார், முள்ளு குத்துன மாதிரிதான் இருக்குது. இவருதான் பயந்துக்கினு அலறி அடிச்சி இஸ்துக்கினு வந்துட்டாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், ஜல்தியா அனுப்பிடுங்க" என்றார்.

"நீ சும்மா கெட. சார், நாம பேனர்ல போட்டமே, மந்திரிக்கப் போவாதீங்கன்னு. அதான் யாராண்டயும் போவல, நேரா ஒங்களாண்ட வந்துட்டோம்" என்றார் முருகையன். அவர் முகத்தில் பயமே இல்லை. பள்ளியில் சரியான பதில் சொன்ன பிள்ளைபோல நின்றார்.

பேனரில் எழுதியதை அப்படியே கேட்ட நோயாளி. கடித்த உடனே வந்தவர். அவருக்கு அப்போதே மருந்து ஏற்றினால், சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பார். அறிகுறி தெரிந்த பிறகுதான் விஷமுறிவு மருந்து என்று ஒரு முறை இருக்கிறது, அதன்படிக் காத்திருந்தேன். நல்லவேளையாக அறிகுறி சீக்கிரமே வந்தது. கண்ணிமை இறங்கியது.

"சார், இமை எறங்குது" என்றாள் கலைமதி.

"சொந்தக்காரர்கள் வருகிறார்களா?" என்று முருகையனிடம் கேட்டேன்.

"குட்டி யானை வண்டியில கெளம்பிட்டாங்க சார். ஊரே வருது."

ஊரே வருகிறது என்றால் கொஞ்சம் காத்திருப்பதுதானே மரியாதை. போன தடவை அவர்கள் கண்ணெதிரில்தான் முருகையன் பிழைத்தார். இந்தத் தடவை புருஷன் பெண்டாட்டி இருவரையும் காப்பாற்றிய டாக்டர். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அமைந்தது, ஐயா. ஒரே பேனரில் இருவரும் மாலையும் கழுத்துமாக நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் அன்று சென்னைக்குத் திரும்புகிற வண்டிகள் திண்டிவனத்தில் அப்படி ஒரு நெரிசல். குட்டி யானை நகரவில்லை. முருகையன் போனில் கேட்டுக் கேட்டுச் சொன்னார், "மேம்பாலத்தாண்ட நிக்கறாங்களாம் சார்." ராஜாமணிக்குப் பேச்சு குழறியது. எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கலைமதி என் சட்டைப் பையிலேயே கையை வைத்துவிட்டாள், நான் தட்டிவிட்டேன். டாக்டர் மேல் கை வைக்கிற நர்ஸை உங்கள் டிபார்ட்மெண்டில் என்ன செய்வீர்கள்?

கூட்டம் வாசலில் இறங்கிய சத்தம் கேட்டதும் சாவியை எடுத்தேன். குழாய் போட்டேன், மருந்து ஏற்றினேன், நெஞ்சை அழுத்தினேன். எல்லோரும் பார்த்தார்கள். என் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ஆனால் மூச்சு ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. இதயம் திரும்பவில்லை.

முருகையன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க. கடவுளாட்டம் நின்னீங்க" என்றார். பத்தாம் நாள் காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். ராஜாமணி படம், பக்கத்தில் கைகூப்பிய என் படம். 'இறுதிவரை போராடிய மருத்துவருக்கு இதயம் கனிந்த நன்றி' என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பிழைத்தவர்கள் வைத்த எந்தப் பேனருக்கும் அவ்வளவு கூட்டம் வரவில்லை. விழுப்புரத்திலிருந்தே ஆட்கள் என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார்கள். தமிழ்மணி நோயாளிகளும் இருந்தார்கள்.

அதன் பிறகு கலைமதி வேலையை விட்டுவிட்டுப் பெருமுக்கலுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறுநாள் முருகையன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு சொல்றது நெசமா சார்? சாவி ஒங்க பையிலயா இருந்துச்சி?"

"உங்கள் ஆட்கள் வரட்டும் என்றுதான் பார்த்தேன்" என்றேன்.

"எங்க ஆளுங்க எதுக்கு சார்? நான் இருந்தேனே. மந்திரிக்கிறவராண்ட போயிருந்தாகூட வேப்பிலையாவது அடிச்சிருப்பாரு" என்றார். என்மேல் கை ஓங்கவில்லை. நேராகக் கூட்டுரோட்டுக்குப் போய், பேனரில் என் படத்தை மட்டும் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். இப்போது ராஜாமணி பக்கத்தில் சதுரமாக ஓர் ஓட்டை இருக்கிறதாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்களாம்.

வந்த உடனே மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டீர்கள். பிழைத்திருப்பார், சந்தேகமே வேண்டாம். அது எனக்கு அப்போதே தெரியுமா? தெரியும். தெரிந்துதான் காத்திருந்தேன். முள் குத்தியதற்கு ஊசி போட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். பாவம், நல்ல அம்மா.

படித்துப் பார்த்தேன், ஏட்டு சரியாகவே எழுதியிருக்கிறார். 'நோயாளி இறக்கக்கூடும் என்று தெரிந்தே மருந்தைக் கொடுக்காமல் தாமதித்தேன்' என்று இருக்கிறது, இருக்கட்டும். அடுத்து 'விளம்பரத்துக்காக' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கவுன்சிலில் என் பேரில் இதுவரை ஒரு புகார்கூடக் கிடையாது, ஐயா.