முந்நூற்று எண்பது ஓட்டைகள் பற்றி அய்யாவு சொன்னது

யக்ஞநாராயணன் சாமிக்குத் தோட்டா கொண்டுவந்து கொடுத்தது நான்தான் என்று துப்பாக்கி கிளப் செக்ரெட்டரி ரவிக்குமார் சார் எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அவர் ஒரு நாளாவது என் பையைத் திறந்து பார்த்தாரா என்று கேட்கிறேன். என் பையில் சோற்று டப்பாவும் பசை டப்பாவும் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. ஹனூர்க்காரன் என்றால் பாலாற்றுப் பக்கத்துக் காட்டில் இருக்கிற கடத்தல்காரர்களிடமிருந்து தோட்டாவை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவன் என்று அவரே முடிவு செய்வாரா? முதலில் பெயர், வயசு, விலாசம் சொல், சண்டை பிறகு, அவர் இங்கே இல்லை என்று ஏட்டு லிங்கப்பன் சொல்வதால் சொல்கிறேன்.

என் பெயர் அய்யாவு, வயது அறுபத்தெட்டு, தகப்பனார் பெயர் பெரியண்ணன். சொந்த ஊர் ஹனூர், இப்போது மைசூர் காந்திநகரில் என் மனைவி மாதம்மாவுடன் குடியிருக்கிறேன். நான்காம் வகுப்புப் பாதிவரை படித்தேன், கையெழுத்துப் போடுவேன். கன்னடம் பேச வரும், ஆனால் பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வருகிறது என்பதால், கொள்ளேகால்காரரான ஏட்டு இதைத் தமிழில் எழுதிப் பிறகு கன்னடத்தில் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். இன்று 17.9.1996 செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு என் விருப்பப்படி இதைச் சொல்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள், சர்க்கரை குறைவு.

நான் ரயில்வேயில் தண்டவாளக் கூலியாக இருந்து ஓய்வு பெற்றவன். யக்ஞநாராயணன் சாமி அதே லைனில் டிராபிக் இன்ஸ்பெக்டராக இருந்தார், அவருக்கு வயது எழுபத்தொன்று. அவர் என்னைத் திட்டாத நாளும் நான் அவரைக் கேலி செய்யாத நாளும் இருபத்திரண்டு வருடத்தில் இல்லை. அவருக்கு மாமனார் வழியில் வந்த பிஸ்டல் ஒன்று லைசென்சோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையடிவாரத்தில் உள்ள துப்பாக்கிப் பயிற்சி கிளப்புக்குப் போய்ப் பத்துக் குண்டு சுடுவார். நான் ஓய்வு பெற்றதும் அதே கிளப்பில் என்னை மார்க்கராகச் சேர்த்துவிட்டார். மார்க்கர் வேலை என்றால், சுட்டு முடித்துக் கொடி காட்டிய பிறகு இருபத்தைந்து மீட்டர் நடந்து போய், வட்டம் போட்ட அட்டையில் எத்தனை ஓட்டை, எந்த வட்டத்தில் என்று பார்த்து எண்ணைக் கூவிச் சொல்லி, அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்து, புது அட்டையைப் பசை தடவி ஒட்டி வைப்பது. நடு வட்டத்துக்குப் பத்து, வெளியே வர வர எண் குறையும்.

1995 ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு சாமி சுட்ட பத்தும் பின்னால் இருந்த மண்மேட்டுக்குப் போய்விட்டது, அட்டையில் ஒன்றும் இல்லை. அவருக்கு வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பயம் என்று சொல்ல மாட்டார், நல்ல நாள் பார்க்கிறேன் என்பார், மூன்று வருடமாக நல்ல நாள் கிடைக்கவில்லை. அன்று பிஸ்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அதன் பிறகு இரண்டு வாரம் கிளப்புக்கு வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போனேன். சாமி ஈசிசேரில் உட்கார்ந்துகொண்டு, குழம்பில் உப்பு எந்த நிமிடத்தில் போட வேண்டும் என்று மனைவி சீதாலக்ஷ்மி அம்மாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பி, “ஞாயித்துக்கிழமையும் இவர் ஆத்துலயே இருந்தா நான் மேல்கோட்டைக் கோயிலுக்கே போயிடுவேன் அய்யாவு, எப்படியாவது அழைச்சிண்டு போ” என்றார்.

அதன் பிறகு நான் மார்க்கெட் பக்கம் பெல்ட் தைக்கிற செல்லக்கண்ணு என்பவரிடம், தோலில் ஓட்டை போடுகிற சின்னக் குழாய் உளி ஒன்றை, சாமியுடைய தோட்டாவின் தடிமனுக்குச் சரியாகப் பார்த்து வாங்கினேன். அடுத்த ஞாயிறு சாமியைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். அவர் சுட்டு முடித்ததும் நான் அட்டைக்குப் பின்னால் போய்க் குனிந்து, ஒன்பதாவது வட்டத்தில் இரண்டு, எட்டில் மூன்று, ஏழில் ஒன்று என்று ஆறு ஓட்டை போட்டேன். உளி ஓட்டை சுத்தமாக இருக்கும், குண்டு ஓட்டையின் ஓரம் கறுத்திருக்கும் என்பதால் பென்சில் தூளை விரலில் தொட்டுச் சுற்றித் தடவினேன். சாமி அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், திரும்பும்போது என்னை ஓட்டலுக்குக் கூட்டிப் போய் மசால் தோசை சொன்னார், எனக்கு இரண்டு.

அதன் பிறகு அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. இப்படியே வருடம் பூராவும் வாரம் பத்துக் குண்டு சுட வேண்டும் என்று ஆசை வந்தது. பெரிய தோட்டா விலையும் அதிகம், வருடத்துக்கு இத்தனைதான் என்று கணக்கும் உண்டு. கிளப்பில் சின்னத் தோட்டா மலிவாகக் கிடைக்கும். அதனால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை மூலமாக, சின்னத் தோட்டா சுடும்படி அந்த பிஸ்டலின் மேல்பாகத்தை மாற்றி வாங்கினார், பழைய மேல்பாகத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டார், கலெக்டர் ஆபீசில் லைசென்சிலும் பதிந்துகொண்டார். அதில் ஒளிவு இல்லை, காகிதம் எல்லாம் அவர் ஃபைலில் இருக்கிறது, ரயில்வே ஃபைல் மாதிரி நாடா கட்டி வைத்திருப்பார். 3.12.1995 ஞாயிறு முதல் சின்னத் தோட்டாவில்தான் சுட்டார். பெரிய தோட்டா அதன் பிறகு ஒன்றுகூட வாங்கவில்லை.

இங்கேதான் என் தப்பு. துப்பாக்கி மாறிவிட்டது, நான் உளியை மாற்றவில்லை. சின்னக் குண்டு சின்ன ஓட்டைதான் போடும் என்று எனக்கு முதல் ஆறு மாதம் தோன்றவில்லை, தெரிந்த பிறகும் பழைய அட்டைகளோடு ஒத்திருக்கட்டும் என்று பழைய உளியாலேயே பெரிய ஓட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கண் தெரிகிற மனுஷன் யாராக இருந்தாலும் முதல் வாரமே பிடித்திருப்பான். சாமி மட்டும் வாராவாரம் அதைத் தடவிப் பார்த்து, “சின்ன குண்டுதான் நேரா போறதுடா அய்யாவு” என்றார். ஆமாங்க சாமி என்றேன்.

உளி வெட்டிய வட்டக் காகிதத் துண்டுகளை அங்கே போட்டால் தெரிந்துவிடும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். துவைக்கும்போது அவை வெளியே வந்து மாதம்மா என்னைச் சந்தேகப்பட்டாள். எந்தக் கல்யாணத்துக்குப் போய் யார் மேல் தூவிவிட்டு வருகிறாய் என்று கேட்டாள். இந்த வயசில் என் மேல் அப்படி ஒரு சந்தேகம் வந்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்ததால் கொஞ்ச நாள் பதில் சொல்லவில்லை.

ஏட்டய்யா இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். நான் எல்லா வாரமும் ஒரே மாதிரி போடவில்லை. சாமி என்னை நல்லபடியாக நடத்திய வாரம் ஒன்பதும் பத்தும் போடுவேன். கிளப் ஆட்கள் முன்னால் திட்டினால் ஆறு, ஏழு. சீதாலக்ஷ்மி அம்மாளைக் கோபித்துக்கொண்டு வந்தது தெரிந்தால் ஓர வட்டத்தில் ஒன்று. ஆனால் சின்னத் தோட்டா வந்த பிறகு பத்துக் குண்டுக்கும் பத்து ஓட்டை குறையாமல் போட்டுவிடுவேன், அதற்கு மேல் தண்டனை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த டிசம்பர் முதல், மழை பெய்த வாரங்கள் போக முப்பத்தெட்டு ஞாயிறு, முந்நூற்று எண்பது ஓட்டை. அத்தனை அட்டையிலும் தேதி எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கி சாமி வரிசையாக வைத்திருந்தார்.

அதன் பிறகு இந்த மாதத் தொடக்கத்தில், அடுத்த மாதம் வருகிற தசராவை ஒட்டி, வயசானவர்களுக்குத் தனியாகப் போட்டி வைப்பதாக கிளப்பில் போர்டு எழுதினார்கள். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், வெயில் என்றேன், கூட்டம் என்றேன், முட்டி வலி என்றேன். யாருக்கு முட்டி வலி என்று சாமி கேட்டார். 8.9.1996 அன்று அவரே முப்பத்தெட்டு அட்டையையும் கட்டி எடுத்துப் போய், தன் தகுதிக்குச் சான்றாக, புதிதாக வந்த செக்ரெட்டரி ரவிக்குமார் சாரிடம் கொடுத்தார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். எல்லாம் பெரிய ஓட்டை, கிளப் புத்தகத்தில் பெரிய தோட்டா ஒன்றும் வாங்கவில்லை, அப்படியானால் பழைய மேல்பாகத்தை மாட்டிச் சுட்ட முந்நூற்று எண்பது திருட்டுத் தோட்டா எங்கிருந்து வந்தது, மீதி எங்கே போகிறது என்று கேட்டு, மார்க்கர் காட்டுப்பக்கத்து ஆள் என்பதையும் சேர்த்து, மனு கொடுத்துவிட்டார். 13-ஆம் தேதி போலீஸ் வந்து பிஸ்டலையும் லைசென்சையும் எடுத்துப் போனார்கள். சாமி அன்று பூராவும் சாப்பிடவில்லை என்று அந்த அம்மாள் சொன்னார்.

இன்று காலை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். சின்னத் தோட்டா எப்படிப் பெரிய ஓட்டை போடும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார், சாமி அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ சொல் என்று இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் சாமி எழுந்து நின்று, “தோட்டா நான்தான் வாங்கினேன். எங்கேன்னு கேக்காதேங்கோ. இவனுக்கு ஒண்ணும் தெரியாது, இவனை ஆத்துக்கு அனுப்பிடுங்கோ” என்று சொன்னார். அவர் வாழ்நாளில் ஒரு டிக்கெட் இல்லாத பிரயாணியைக்கூட விட்டது கிடையாது, பொய் சொல்லியும் பழக்கமில்லை, அதனால் சொல்லும்போது மேஜையைப் பார்த்துச் சொன்னார். நான் காட்டிலிருந்து தோட்டா கொண்டுவந்து, பழைய மேல்பாகத்தை மாட்டி, அவருக்குத் தெரியாமல் போட்டுக் கொடுத்தேன் என்றே அவர் நினைத்திருக்கிறார், அப்படி நினைத்தும் ஜெயிலுக்குத் தான் போவதாகச் சொன்னார்.

அதனால்தான் நான் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் என்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் சாமி முன்னால் சொல்லியிருக்க மாட்டேன். என் பையில் பசை டப்பாவுக்குள் இருந்த உளியை எடுத்து மேஜையில் வைத்தேன். இன்ஸ்பெக்டர் ஒரு புது அட்டை கொடுத்தார், அதில் ஓட்டை போட்டுப் பென்சில் தூள் தடவிக் காட்டினேன், பழைய அட்டையோடு வைத்துப் பார்த்தார்கள், ஒரே அளவு. இன்ஸ்பெக்டர் கன்னடத்தில், இத்தனை வருஷ சர்வீசில் சுடாத குண்டுக்குக் கேஸ் எழுத வந்தது இதுதான் முதல் தடவை என்றார்.

நான் மேலே சொன்ன அத்தனையையும் சாமி பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தோசை விஷயம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு, ஏழு போட்டது பற்றி நான் சொல்லி முடித்த பிறகு, “ஆகஸ்ட்ல ஒரு வாரம் பூராவும் ஆறா போட்டியே, நான் என்னடா பண்ணினேன் அன்னிக்கு?” என்று கேட்டார். “என் பேரனுக்கு ரயில்வேல சிபாரிசு பண்ண மாட்டேன்னு சொன்னீங்க சாமி” என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார். “பண்ணியிருந்தாலும் கிடைச்சிருக்காதுடா” என்று சொல்லிவிட்டு, நான் இருங்க சாமி, இன்னும் முடியலைங்க என்று கூப்பிடக் கூப்பிட வெளியே போய்விட்டார். முக்கியமானதை நான் அப்போது இன்னும் சொல்லவில்லை.

அது இதுதான், பெரிய எழுத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். 16.6.1996 தேதியிட்ட அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஒன்பது ஓட்டை பெரியது, ஒன்று சின்னது. அந்தச் சின்னது நான் போட்டதில்லை. அன்று நான் உளியோடு குனிந்தபோது அது நடு வட்டத்தில், பத்தில், ஏற்கனவே இருந்தது, ஓரம் கறுத்து, பின்பக்கம் காகிதம் கிழிந்து. நான் கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தேன். ஏண்டா இவ்வளவு நேரம் என்று அவர் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். அந்த ஒன்றைச் சொன்னால் மற்ற ஒன்பதையும் சொல்ல வேண்டும் என்பதால் சொல்லாமல், மற்றதை நானே போட்டு, பத்தில் ஒன்று என்று மட்டும் கூவினேன். முந்நூற்று எண்பதில் முந்நூற்று எழுபத்தொன்பது என்னுடையது. ஒன்று அவருடையது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நடுவில் அடித்தார். இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது நகல் எடுத்து அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அவருக்குப் படிக்கக் கஷ்டம், சீதாலக்ஷ்மி அம்மாள் சத்தமாகப் படித்துச் சொல்வார்.

ஏட்டு லிங்கப்பன் இதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார், இரண்டாவது தடவை சிரிக்காமல் படித்தார். நான் சொன்னபடியே இருக்கிறது, நான் செய்த பொய் எல்லாம் அட்டையில் இருக்கிறது, இந்தத் தாளில் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) பெ. அய்யாவு

என் முன்னிலையில் பதிவு செய்தது: லிங்கப்பன், தலைமைக் காவலர்