சாவு ரீல்

டிசம்பர் மாசம். ராத்திரி எட்டு மணிதான்... ஆனா டெல்லிக் குளிருக்கு அது நடுச்சாமம் மாதிரி. மந்திர் மார்க்ல ஈ காக்கா கிடையாது. ஒரு பக்கம் ரிட்ஜ் காடு, இந்தப் பக்கம் பூட்டின கேட்டுங்க. தெருவிளக்கு பனியில மங்கிக் கிடக்குது. அந்த ரோட்டுல தனியா நடந்து வர்றாரு ஜோதிலிங்கம். நம்ம ஆபீஸ் செல்வராஜோட ஒண்ணுவிட்ட அண்ணன். ஹீட்டரைக் கொஞ்சம் இப்படித் தள்ளு... கேளுங்க. நடுவுல எவனாவது சிரிச்சா நான் ரஜாய்ப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் தூங்கிடுவேன், ஆமா.

அந்த வருஷ மழைக்காலத்துலதான் அவரு சம்சாரம் செங்கம்மா மஞ்சக்காமாலையில போயிட்டா. ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா இருந்தவங்க. ஆனா மனுசன் கண்ணுல ஒரு சொட்டு வரலை. கொள்ளி வச்சாரு, மொட்டை போட்டாரு, காரியம் முடிஞ்சதும் ஆபீஸ் போயிட்டாரு. உள்ள எல்லாம் மரத்துப் போச்சு. கொழுந்தியா அருக்காணி ஊருக்கு ரயில் ஏறும்போது மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டா. "நீங்க அழாம எங்கக்கா எப்படிப் போவா மாமா? இங்கயேதான் நிப்பா." அது மனுசனை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. எப்படியாவது ஒரு தடவை அழுது அவளை அனுப்பிடணும்.

அன்னிக்கு கோல் மார்க்கெட் பக்கம் கிரவுண்டுல நம்ம ஆளுங்க சேர்ந்து ஒரு பழைய படம் போட்டாங்க. வெள்ளைத் துணி, ஒத்தை புரொஜக்டர். கடைசியில அம்மாக்காரி சாகிற சீன் ஒண்ணு வரும்... மகன் வர்ற வரைக்கும் உயிரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பா, அவன் மடியில தலை வச்சதும் போயிடுவா. அழாதவன் கிடையாது. அந்த சீனுக்காகவே போனாரு ஜோதிலிங்கம்.

ரீலெல்லாம் மெட்ராஸ்லேருந்து ரயில்ல டப்பா டப்பாவா வரும். ஓட்டினது ராமமூர்த்தி. குளிர்ல கை வெறச்சுப் போயி டப்பாவை மாத்தி எடுத்துட்டாரு. பாதிப் படத்துலயே அம்மா செத்துட்டா. ஜனம் அதைக்கூடக் கவனிக்கலை, கம்பளிக்குள்ள ஒரே விசும்பல். ஜோதிலிங்கம் கண்ணை அகலத் திறந்து வச்சுக்கிட்டுப் பார்த்தாரு. ஒண்ணும் வரலை.

அடுத்த ரீல் ஓடுச்சு. செத்துப்போன அம்மா அடுப்படியில உட்கார்ந்து தோசை வார்க்குறா. அழுதுக்கிட்டிருந்த கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. ராமமூர்த்தி நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "சாவு ரீலை அது இடத்துல திரும்பப் போட்டுடறேன் சார்"னாரு. அவ இன்னொரு தடவை சாகணுமா? ஜோதிலிங்கத்துக்குப் பார்க்கப் பிடிக்கலை. எழுந்து வந்துட்டாரு.

அப்பத்தான் அந்த ரோடு... பின்னால செருப்புச் சத்தம். சரக்... சரக்... படம் பார்த்துட்டு வர்ற யாரோன்னு நினைச்சாரு. அப்புறம் விசும்பல். வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டு, விக்கி விக்கி... சினிமாக் கொட்டகையில செங்கம்மா அப்படித்தான் அழுவா. கூடவே ஆஸ்பத்திரி பினாயில் வாடை. அவருக்குப் பயமே வரலை. செல்வராஜ் அதைச் சொல்லிக் கேட்டப்போதான் எனக்குப் பயம் வந்துச்சு. திரும்பாமலே கேட்டாரு.

"ஏன் புள்ள அழுவுற?"

"உங்களுக்கும் சேர்த்துத்தான்."

இடது தோள்ல ஒரு தலை சாஞ்சுச்சு. கனமா... சில்லுனு. அப்படியே வீடு வரைக்கும் நடந்தாரு. கம்பளிக் கோட்டைக் கழட்டினா இடது தோள் மட்டும் நனைஞ்சிருக்கு. பனின்னு நினைச்சு விரலால தொட்டு நாக்குல வச்சாரு... உப்பு.

போன மே மாசம் செல்வராஜ் அவரைப் பார்க்கப் போனான். வெளியில லூ காத்து நெருப்பா அடிக்குது. மனுசன் அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. "அண்ணே, வாய்விட்டு ஒரு தடவை அழுதுடுங்கண்ணே"ன்னு கையைப் பிடிச்சிருக்கான். அவரு கண்ணு லேசாக் கலங்குச்சாம். உடனே பதறிப்போயி ரெண்டு கையாலயும் கண்ணை அழுத்தித் துடைச்சாரு.

"வேண்டாம்டா. நான் அழுதா அவ போயிடுவா."

கையை எடுத்தப்போ கண்ணு காஞ்சு கிடந்துச்சாம். கோட்டுத் தோள்ல மட்டும்... ஈரம் மெல்லப் பரவிக்கிட்டே இருந்துச்சாம்.