ஆட்டோவில் பதினைந்து நிமிடம்

மூன்று மணி நேரப் பரீட்சையில் பூமிகா இரண்டு மணி நாற்பது நிமிடம் பேனா மூடியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று கல்லூரியிலிருந்து போனில் சொன்னீர்கள். மீதி இருபது நிமிடம் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. பதிவு எண்ணை எழுதியிருப்பாள்.

வீட்டிலிருந்து யாராவது வந்து, இது எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும் என்றீர்கள். வீட்டில் இப்போது நான் மட்டும்தான். எனக்கு நேரில் கோர்வையாகப் பேச வராது மேடம். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், படித்துக் காட்டுகிறேன். என் தங்கை வெளியே பெஞ்சிலேயே இருக்கட்டும்.

அவளுக்குப் பரீட்சை பயம் பத்தாம் வகுப்பிலேயே உண்டு. காலையில் வாந்தி எடுப்பாள். விரல் சில்லிட்டுப் போகும். முதல் கேள்வியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். எதையும் அளந்து பார்த்துச் சரிசெய்யலாம் என்று நம்புகிறவள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும், ஆறு எண்ணும்வரை விட வேண்டும். தெரிந்த இரண்டு மதிப்பெண் கேள்விகளை முதலில் எழுத வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாள் புதிதாக எதையும் படிக்கக் கூடாது. இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. ஓரளவு உதவியது.

அதைவிட உதவியது அப்பாவின் போன். பிளஸ் டூவுக்கு அவளைத் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் சேர்த்திருந்தோம். அங்கே பிள்ளைகள் போன் வைத்திருக்கக் கூடாது. பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் வார்டன் கமருன்னிஸாவின் போனில் பத்து நிமிடம் பேசலாம். அப்பா பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

"ஆஸ்டல்ல மீனு போட்டாங்களா?"

"இல்லப்பா. சாம்பார்."

"மீனு போடாத ஊர்ல படிச்சு என்னாத்தடி கிழிக்கப் போற? மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடு."

அவள் சிரிப்பாள். மறுநாள் காலையில் வாந்தி இருக்காது.

அப்பா பெயர் கலியபெருமாள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். விசைப்படகில் தொழிலுக்குப் போவார். போனால் ஐந்தாறு நாள் கழித்துத்தான் கரை. நடுக்கடலில் போன் எடுக்காது.

போன வருடம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நாகப்பட்டினத்தில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பதினொரு மணிக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, நுரையீரலில் நீர் சேர்கிறது, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னார். பூமிகாவுக்குச் செவ்வாய்க்கிழமை இயற்பியல், வெள்ளிக்கிழமை வேதியியல், அடுத்த செவ்வாய் உயிரியல்.

சொல்ல வேண்டாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். அதற்கு முன்னுதாரணம் இருந்தது. மூன்று வருடம் முன்பு அம்மா இறந்தபோது நான் கடைசி செமஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். போன் வந்தது, கிளம்பி வந்தேன். இரண்டு பேப்பர் போயிற்று. நவம்பரில்தான் எழுத முடிந்தது. எம்.எஸ்ஸி. சேரும் வருடம் அப்படியே கடந்துபோனது. இப்போது ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். என்னைக் கூப்பிட்டபோது யாரும் யோசிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்தவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

திங்கள் சாயங்காலம் மருத்துவமனை மாடிப்படியில் நின்று பூமிகாவிடம் பேசினேன்.

"அப்பா எங்கக்கா?"

"கடலுக்குப் போயிட்டாருடி. கோடியக்கரைப் பக்கம் மீன்பாடு நல்லாருக்காம்."

"எங்கிட்ட பேசாமலா?"

"அவசரமாக் கெளம்பிட்டாரு. நீ சாப்பிட்டியான்னு கேக்கச் சொன்னாரு."

"மீனு போட்டாங்களான்னு கேக்கச் சொல்லலியா?"

"அதுவும்தான்."

சிரித்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் இந்தப் பொய்யைச் சொல்வது எளிது. அப்பா கடலில் இருக்கிறார் என்றால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அப்பாவின் அக்கா நாகம்மாள் என்னுடன் மருத்துவமனையில் இருந்தார். மீன் விற்கிறவர், சத்தமாகப் பேசுவார்.

"ஏண்டி தர்ஷினி, பெத்த அப்பன் கெடக்கான். பரீட்சை அடுத்த வருசமும் வரும். இவன் வருவானா?"

"அவளுக்கு வாந்தி வரும் அத்தை. எழுதமாட்டா."

"வாந்தி வந்தா தொடச்சுவுடு. இதுக்கா புள்ளையக் காட்டமாட்டேங்கிற?"

நான் வாந்தியைப் பற்றி மட்டும் பேசவில்லை, ஒரு வருடத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று விளக்கினேன். அத்தைக்கு விளங்கவில்லை. "நீ படிச்சவ" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஹாஸ்டலுக்குப் போய் வார்டனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். ஊர்க்காரர்கள் யாராவது போன் செய்தால் அவளிடம் கொடுத்துவிடக் கூடாது அல்லவா. அவர் கண் கலங்கிவிட்டார்.

"நானே கூட்டிட்டு வந்து காட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிடறேம்மா. ஆட்டோவுல பதினஞ்சு நிமிஷம். அரை நாள்கூட ஆவாது."

வேண்டாம் என்றேன். அன்று அவள் இயற்பியல் நன்றாக எழுதியிருந்தாள். முறை வேலை செய்யும்போது இடையில் மாற்றக் கூடாது.

வியாழன் சாயங்காலமும் அப்பா கடலில்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை வேதியியல் எழுதினாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அப்பா இறந்தார். மருத்துவமனையில் மொத்தம் நூற்று முப்பத்தொன்பது மணி நேரம் இருந்தார்.

ஆம்புலன்ஸ் போகிற வழியெல்லாம் வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஹாஸ்டல் தெருமுனையைத் தாண்டும்போது மணி எட்டு இருபது. படிக்கும் நேரம். அன்று சாயங்காலமே இறுதிச் சடங்கு முடிந்தது. சின்னப் பெண் எங்கே என்று ஊரில் கேட்டபோதெல்லாம் அத்தை என்னைப் பார்த்தார்.

திங்கள் சாயங்காலம் எங்கள் தெருவில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அழுகைச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று ஐஸ் கம்பெனி வரை நடந்து போய்ப் பேசினேன். மூச்சுப் பயிற்சியை நினைவுபடுத்தினேன். "இந்தத் தடவ ரொம்ப நாளாயிட்டுல்ல அப்பா போயி" என்றாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் பரீட்சை முடியும்போது பள்ளி வாசலில் நின்றேன். ஓடி வந்தாள். எல்லாம் தெரிந்த கேள்வி என்றாள். நான் சொன்னேன்.

"எப்ப?"

"சனிக்கிழமை."

"இன்னிக்கு செவ்வாக்கெழமக்கா" என்றாள். திருத்துவதுபோலத்தான் சொன்னாள். பஸ் மன்னார்குடியைத் தாண்டியது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா என்னக் கேட்டாரா?"

"நெனவே இல்லடி. யாரையும் கேக்கல."

அதைக் கேட்டதும் அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. சரியான பதில் என்று நினைத்தேன். வேதியியலில் தொண்ணூற்று நான்கு வாங்கினாள். உங்கள் நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்தது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. இங்கே அவளுக்கு நோயாளிக் குறிப்பைப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். போன மாதம் லீவில் வந்தபோது பீரோவில் அப்பாவின் ஃபைலை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் முதல் வரியில், நினைவுடன் இருக்கிறார், கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறது. எனக்கு ஒரு கிறுக்கலாகத் தெரிந்தது அவளுக்கு வாக்கியமாகத் தெரிந்துவிட்டது.

பொய் சொன்னாயா என்று சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. "கடைசிவரைக்கும் நெனவோடதான் இருந்திருக்காரு. அப்ப என்னப் பாக்கணும்னு அவருக்குத் தோணவே இல்லியாக்கா?" என்றுதான் கேட்டாள். பழையதைக் கிளறாதே, பரீட்சைக்குப் படி என்றேன். அதன் பிறகுதான் பேனா மூடி.

எழுதிக்கொண்டு வந்தது இவ்வளவுதான் மேடம். மீதியை நேற்று நாலைந்து தடவை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. வாயால் சொல்லிவிடுகிறேன். அவளையும் உள்ளே கூப்பிட்டுவிடுங்கள். இரண்டு தடவை சொல்ல என்னால் முடியாது.

உட்காரு பூமிகா.

அப்பா கேட்டார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன்கிழமை மதியம்வரை பதினேழு தடவை. "பூமி வந்துட்டாளா" என்று கேட்பார். எண்ணிக்கொண்டு வந்தேன். மாஸ்க்கை விலக்கிவிட்டுக் கேட்பார், நான் திரும்பப் போட்டுவிடுவேன். வாய் துடைத்தது, திருப்பிப் படுக்கவைத்தது எல்லாம் நான்தான். என் பெயரை அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருக்கிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும், அது நியாயம்தான். ஆனால் அவர் கேட்கக் கேட்க அத்தை அழுதார். இன்னும் ஒரு தடவை கேட்டால் அத்தையே ஹாஸ்டலைத் தேடிக்கொண்டு போய்விடுவார் என்று தோன்றியது. அவர் கேட்பது நிற்க வேண்டியிருந்தது.

அத்தை டீ வாங்கக் கீழே போயிருந்தபோது அவர் காதருகில் குனிந்தேன். "பூமிகாகிட்டச் சொன்னேம்ப்பா. பரீட்சைய வுட்டுட்டு வரமுடியாதுன்னுட்டா" என்றேன்.

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, படிக்கட்டும்" என்றார். சனிக்கிழமைவரை பிறகு கேட்கவே இல்லை. அதை நம்பிக்கொண்டுதான் அவர் போனார், பூமிகா.