மீதி இரண்டு முடிச்சுகள்

உங்கள் சட்டையின் இரண்டாவது பொத்தான் தொங்குகிறது, ஐயா. ஊசியும் காக்கி நூலும் இருந்தால் பேசிக்கொண்டே தைத்துக் கொடுத்துவிடுவேன். எனக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வராது. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தையற்கார வச்சலா நடந்துகொண்டே காபி குடிப்பவள் என்று.

கண்ணகியைப் பற்றி முதலில் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். அவள் ஊருக்குப் போகக் கருங்குழி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன் என்றேன். ஏற்றவில்லை. அவளைப் பெற்றவர் உலகநாதன் என் வாசலில் வந்து நின்றபோதும் அதையேதான் சொன்னேன். அவர் நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

என் தம்பி மூர்த்திக்கு நிச்சயித்த பெண் கண்ணகி. மூர்த்தியை நான்தான் வளர்த்தேன். கல்யாணமான அடுத்த வருஷமே என் புருஷன் லாரி விபத்தில் போய்விட்டார். நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அம்மா படுத்த படுக்கை, மூர்த்தி அரைக்கால் சட்டை போட்ட பையன். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு பிசைவது நான்தான். இப்போதும் அப்படித்தான். குழம்பு எவ்வளவு, நெய் எவ்வளவு என்று வேறு யாருக்கும் தெரியாது.

அவன் வேலை பார்க்கும் இடத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மகாபலிபுரத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்புக்குள் மூன்று பழைய விமானங்கள். கோதண்டராமன் என்ற கான்ட்ராக்டர் எங்கோ ஏலத்தில் எடுத்துக் கொண்டுவந்து வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார். ஊரார் ஏரோப்ளேன் தோப்பு என்பார்கள். சின்ன விமானங்கள் இரண்டையும் சுற்றிவந்து பார்க்கலாம். பெரியது மட்டும் ஏணி வைத்து உள்ளே ஏறக்கூடியது. வெள்ளைக்காரர்களும் ஹிப்பிகளும் வருவார்கள். மூர்த்தி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்குவான். உப்புக்காற்றில் தகடு அரிக்காமல் இருக்கத் தினமும் எண்ணெய்த் துணியால் துடைப்பான். பெரிய விமானத்தை அவன் "மூத்தவ" என்றுதான் கூப்பிடுவான்.

மூத்தவளுக்குக் கதவில் தாழ் இல்லை. துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. வெளிப்பக்கம் இரண்டு வளையங்களில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு முடிச்சைக் கடற்காற்று அவிழ்த்துவிடும் என்பதால் மூர்த்தி மூன்று போடுவான். கல்லடிபட்டு உடைந்த ஜன்னல்களைத் தகரம் வைத்து ஆணியடித்து மூடிவிட்டார்கள். முன்னால் விமானி உட்காரும் அறைக்குப் பலகை அடைத்திருக்கிறது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருப்பது குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

கல்யாண ஏற்பாடு நடக்கும்போதே சித்தி ஜெகதாம்பாள் என்னிடம் வந்து சொன்னாள், "கோச்சுக்காத வச்சலா. தாலில மொத முடிச்சு மாப்ள போட்டதும் மீதி ரெண்டு நாத்தனார் போடணும். ஒன் கை படக் கூடாதுடி. என் பொண்ணு எல்லம்மா போடட்டும். அவளும் மூர்த்திக்குத் தங்கச்சிதானே."

எனக்குக் கோபமில்லை. விதவை மணவறைக்கு வரக் கூடாது என்பது நான் அறியாததா? சொல்லப்போனால் அதை நம்பித்தான் இருந்தேன். மேளம் கொட்டும் நேரத்தில் நான் பின்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பேன். எதையும் பார்க்க வேண்டியதில்லை.

கண்ணகிதான் கெடுத்துவிட்டாள். ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தவள், நான் கழுத்தளவு எடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, முடிச்சு நீங்கதான் போடணும். வேற யார் போட்டாலும் கழுத்த நீட்ட மாட்டேன்னு எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

எல்லோரும் அவளை மெச்சினார்கள். சித்திகூட, "படிச்ச பொண்ணு, மனசு பெருசு" என்றாள். மூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் மெச்சினேன். அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். அடுப்படிக்குப் போவேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன். என் தம்பியை என் கையாலேயே கட்டிக்கொடு என்று ஒருத்தி கேட்டுவிட்டாள், அதுவும் அன்பாகக் கேட்டுவிட்டாள். அன்பாகக் கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தாள். சரியாக இருந்தது. போகும்போது கேட்டாள், "அண்ணி, அவரு இன்னிக்கு மெட்ராஸ் போயிருக்காராமே. அந்த ஏரோப்ளேன காட்டுங்களேன். பரிசம் போட்ட பொறவு அவரு கண்ணுல நான் படக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிகினே கீது. அவரு இல்லாதப்ப பாத்தா தப்பில்லையே."

அழைத்துப் போனேன். திட்டம் எதுவும் இல்லை, ஐயா. அக்கினி நட்சத்திரத்து வெயில். தோப்பில் ஒரு காக்கையும் இல்லை. டிக்கெட் கிழிக்கிற தேசப்பன் எங்களைப் பார்த்ததும், "நம்ம வூட்டு ஜனத்துக்கு எதுக்கு டிக்கெட்? பாத்துட்டுப் போங்க, நான் வூட்டுக்குப் போறேன், இந்த வெயில்ல இனி யாரும் வர மாட்டாங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கண்ணகி மூத்தவளைச் சுற்றிவந்தாள். தகட்டில் கையை வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"இவங்கதான் மூத்தவங்களா? அப்ப நான் ரெண்டாந்தாரமா அண்ணி?"

செருப்பை ஏணியடியில் விட்டு உள்ளே ஏறினாள். அப்போதுதான் கார் சத்தம் கேட்டது. கோதண்டராமன் காரிலிருந்து மூர்த்தி இறங்கினான். மெட்ராஸ் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

"உள்ளயே ஒக்காரு, சத்தம் காட்டாத" என்று நான் அவளிடம் சொன்னது முறைக்காகத்தான். முகூர்த்தத்துக்கு முன்னால் அவன் அவளைப் பார்த்துவிடக் கூடாதல்லவா? பெற்றவள் சொல்லி அனுப்பியதை நான் காப்பாற்ற வேண்டாமா? செருப்பை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இன்னாக்கா, நீ எங்க இங்க? வூட்ல தச்சிகினு இருப்பேன்னு பாத்தா!"

"புழுக்கம் தாங்கலடா. காத்து வாங்க வந்தேன்."

"அந்த தேசப்பன் தொறந்து போட்டுட்டுப் போயிட்டானா? நாளைக்கு லீவு வேற. மூத்தவளுக்கு மணலெல்லாம் உள்ள பூந்துடும்." ஏணியில் ஏறிக் கதவைச் சாத்தினான். உள்ளே இருட்டு, அவன் எட்டிப் பார்க்கவில்லை. அவள் மூச்சுக்கூட விடவில்லை. அடங்கிய பெண்தான், அதை நான் மறுக்கமாட்டேன். கயிற்றைக் கோத்து ஒரு முடிச்சுப் போட்டான். கார்க்காரர் ஹாரனை அமுக்கினார்.

"ஐயா செங்கல்பட்டு போறாரு, வரியாக்கா?"

"நீ போ. நான் கோயில் பக்கம் போயிட்டு பஸ்ல வரேன்."

"சரி, மீதி ரெண்டு முடிச்ச நீ போட்டுடு" என்று இறங்கி ஓடினான்.

கார் போய்விட்டது. நான் ஏணியில் ஏறினேன். கதவைத் திறக்கத்தான் ஏறினேன் என்று நினைக்கிறேன். உள்ளேயிருந்து அவள் கிசுகிசுத்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அண்ணி, போயிட்டாரா?"

"இன்னும் இல்ல. பேசாம இரு" என்றேன்.

பிறகு சாலைக்கு நடந்தேன். சவுக்குக் காற்றும் அலையும் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன. அதில் வேறு சத்தம் பிரித்துக் கேட்காது. செருப்பைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். அந்த மணலில் கிடந்தால் தோல் சுருங்கிவிடும்.

சாயங்காலம் மூர்த்திக்குச் சோறு பிசைந்து போட்டேன். நன்றாகச் சாப்பிட்டான். மறுநாள் செவ்வாய்க்கிழமை, தோப்புக்கு வார விடுமுறை. நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். காலையிலேயே சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அடுத்ததில் ஏறலாம் என்று நின்றேன். அது வந்தபோது அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பினேன். மத்தியானம் மறுபடியும் கிளம்பினேன். வெயில் அதிகமாக இருந்தது. அந்த வெயிலில் யாராலும் இருக்க முடியாது.

புதன்கிழமை மூர்த்திதான் கதவைத் திறந்தான். முடிச்சு இறுகியிருந்ததால் அறுக்க வேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டேன். தையற்காரி போட்ட முடிச்சு அப்படித்தான் இருக்கும். அன்றிலிருந்து அவன் சாப்பிடுவதில்லையாம். சித்தி கொண்டுபோய்க் கொடுத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறானாம். சித்திக்குப் பிசையத் தெரியாது. என்னை ஒரு வேளை வீட்டுக்கு அனுப்பினால் போதும், அவன் சாப்பிட்டுவிடுவான்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முதல் முடிச்சை என் தம்பி போட்டான். மீதி இரண்டையும் அவள் ஆசைப்பட்டபடியே நான்தான் போட்டேன்.