ஏழாவது வளையல்

“ஒரு வளையலைச் சுத்தி அதே சைஸ்ல ஆறுதான் நிக்கும். தோத்துட்டா நீதான் எங்க அம்மாகிட்ட நம்ம கல்யாண விஷயத்தைச் சொல்லணும்” என்றாள் மெட்ரோவில் எனக்கு எதிரே இருந்த பெண்.

“ஏழு நிக்கும். சரி, பந்தயம்” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அவன் மடியிலிருந்த லேப்டாப் பையின்மேல், சார்மினாரில் வாங்கிய கல் வளையல்களைப் பரப்பினாள். நடுவில் ஒன்று, அதைத் தொட்டபடி சுற்றிலும் ஆறு. இடைவெளியே இல்லை. ஏழாவதை அவன் நுழைத்தான். மற்றவை விலகி ஓடின.

“இது பெரிய சைஸ். குழந்தை வளையல்னா நின்னிருக்கும்.”

“எந்த சைஸும் ஆறுதான்டா! அறுகோணத்துல பக்கத்தோட நீளமும், நடுவுலேர்ந்து மூலைக்கு இருக்கற தூரமும் ஒண்ணு. போடு போனை.”

“நக்கோ, வேணாம்! நீயே சொல்லிடு.”

நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது. யார் இறங்குவார்கள்?

அவளே நம்பரைப் போட்டு அவன் காதில் வைத்தாள்.

“ஆன்ட்டி, நல்லாருக்கீங்களா? நான் வந்து... உங்க பொண்ணுகூட வேலை பாக்கறேன். வந்து... உங்க வளையல் சைஸ் என்ன ஆன்ட்டி?”

அவள் சிரித்த சிரிப்பில் வளையல்கள் பெட்டியெங்கும் உருண்டன. போனைப் பிடுங்கினாள்.

“சொல்லும்மா, மாப்பிள்ளை கேக்கறாருல்ல?”